ஏழிசை மன்னர் எம்.கே.தியாகராஜ பாகவதர்: வாழ்வும் வழக்கும்

தமிழ் நாடக மேடையில் துப்பறியும் கதைகளுக்குப் பெரும் வரவேற்பு இருந்த காலம் ஒன்று உண்டு. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' நாவலை எம்.கந்தசாமி முதலியார் நாடகமாக்கித் தந்தார்; பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் அதனை ஊர் ஊராக நடித்தார்கள். கொலைப் பழி குற்றமற்றவன் தலையில் விழும், பொய்ச் சாட்சிகள் பெருகும், காண்போர் கலங்குவர். இறுதியில் துப்பறியும் கோவிந்தன் தோன்றி உண்மையை வெளிப்படுத்துவான். மங்களம் பாடித் திரை விழும். மக்கள் மன நிறைவோடு வீடு திரும்புவார்கள்.

அந்த மேடை மரபில் வளர்ந்து, தமிழகம் அதுவரை கண்டிராத புகழை எய்திய நடிகர் ஒருவர்மீதே பின்னாளில் கொலைப் பழி விழுந்தது. அவரே ஏழிசை மன்னர் எம்.கே.தியாகராஜ பாகவதர். அவர் வாழ்க்கையில் கோவிந்தன் வரவில்லை. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் அந்தக் கொலைக்குப் பின்னால் நின்றவர் யார் என்னும் புதிர் இன்றுவரை ஐயமற அவிழவில்லை. புதிர் அவிழாத காரணத்தாலேயே விடுதலை பெற்றவர்மீதும் ஒரு நிழல் படிந்து கிடக்கிறது. அந்த நிழலை நீக்கி அவர் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழநி மலையின் மேலும் அதன் அடிவாரத்திலும் வாழும் நமக்கு அவர் அயலவர் அல்லர். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலிய இசை நாடகங்களே அவரையும் ஆளாக்கின. முருகனைப் பாட மறுத்த பொய்யாமொழிப் புலவர், பின்னர் அவன் திருவிளையாடலால் மனம் மாறிய வரலாற்றைச் 'சிவகவி' (1943) என்னும் திரைப்படத்தில் நடித்துக் காட்டியவரும் அவரே. தண்டாயுதபாணியின் மலையடியில் வாழ்வோர் அந்த ஒன்றுக்காகவேனும் அவரை நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

மேடை வளர்த்த குரல்

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மாயவரத்தில் விசுவகர்மக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆசாரி, தாய் மாணிக்கத்தம்மாள். பொன்வேலை அவர்கள் குலத்தொழில். குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை; பாட்டிலேயே சென்றது. ஒருமுறை வீட்டைவிட்டு வெளியேறிக் கடப்பைக்குச் சென்றுவிட்டதாகவும், தேடிச் சென்ற தந்தை அங்கே ஒரு கூட்டத்தின் நடுவில் அவன் பாடிக்கொண்டிருக்கக் கண்டதாகவும் சொல்வதுண்டு.

அக்காலத்தில் திருச்சியில் இரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர் நாடகக் கலையில் பேரார்வம் கொண்டவர். இரசிக ரஞ்சன சபாவைத் தோற்றுவித்தவர். சிறுவனின் குரலைக் கேட்ட அவர், 'அரிச்சந்திரா' நாடகத்தில் உலோகிதாசனாக நடிக்க வைத்தார். அப்போது அவனுக்கு வயது பத்து அளவே இருக்கும். அரவம் தீண்டி இறந்து கிடக்கும் பாலகனாக மேடையில் கிடந்தவன் அந்தச் சிறுவன். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றார்; நடிப்பை நடராஜ வாத்தியாரிடம் கற்றார். கச்சேரி மேடையிலும் பெயர் பெற்றபின் பாகவதர் என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒன்றாகிவிட்டது.

'அரிச்சந்திரா' நாடகத்தைப் பற்றி ஈண்டு ஒரு சொல். அதன் உச்சக் கட்டத்தில் சந்திரமதிமீது கொலைப் பழி சுமத்தப்படுகிறது. காசி அரசனின் குழந்தையைக் கொன்றவள் என்று அவளைப் பிடித்து வருகிறார்கள், விசாரணை நடக்கிறது, தண்டனையும் விதிக்கப்படுகிறது. அவளை வெட்ட வேண்டியவன் கணவனே. வாள் ஓங்கிய நொடியில் தெய்வம் தோன்றி உண்மையை உலகறியச் செய்கிறது. பாகவதர் முதன்முதலாக அடியெடுத்து வைத்த நாடகத்திலேயே பொய்யான கொலைப் பழி ஒன்று இருந்தது என்பது எண்ணத்தக்கது.

திரையில் ஏறிய புகழ்

வளர்ந்தபின் அவருக்குப் பெரும் பெயரை ஈட்டித் தந்த நாடகம் 'பவளக்கொடி'. அருச்சுனனாக அவரும் பவளக்கொடியாக எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடித்தார்கள். அந்நாடகத்தைக் கண்ட கே.சுப்பிரமணியம் அதனை அவ்விருவரையும் கொண்டே திரைப்படமாக இயக்கினார். 1934-இல் வெளிவந்த அப்படம் பெருவெற்றி பெற்றது. ஒலிபெருக்கி இல்லாத காலத்து மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாடிப் பழகிய குரல், இப்போது ஒலிப்பதிவுத் தட்டுகளில் ஏறி வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் நடித்த படங்கள் மிகுதி என்று சொல்ல இயலாது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தே பதினான்கு படங்கள்தாம். ஆனால் அவற்றில் பல தமிழகத்தையே கிறங்க வைத்தன. மதுரை ராயல் டாக்கீசாரின் 'சிந்தாமணி' (1937) ஓடிய ஓட்டத்தில் கிடைத்த வருவாயைக்கொண்டே மதுரையில் அப்பெயரிலேயே ஒரு திரையரங்கு எழுந்தது என்பர். அதே ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'அம்பிகாபதி' வெளிவந்தது. தமிழ் அறியாத அந்த அமெரிக்கர் இயக்கிய படத்திற்கு இளங்கோவன் உரையாடல் எழுதினார். திரைப்பட வசனத்திற்கு இலக்கிய மணம் உண்டு என்பதை மக்கள் உணரத் தொடங்கியது அப்போதுதான். 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943) எனப் புகழ் படிப்படியாக ஏறியது. பாபநாசம் சிவன் பாடல்களை இயற்ற, பாகவதர் பாடினார். வாளிப்பான மேனியும், தோளில் புரளும் முடியும், பட்டு அங்கவஸ்திரமும், வைரக் கடுக்கனும் கொண்ட அவர் தோற்றத்தை இளைஞர்கள் போற்றிப் பின்பற்றினார்கள். பாகவதர் கிராப்பு என்றே ஒரு முடியலங்காரம் ஊரெங்கும் பரவியது.

அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 'நவீன சாரங்கதரா'வில் (1936) சிற்றன்னையின் பொய்ப் பழிக்கு ஆளாகும் இளவரசன் அவர். 'அசோக்குமா'ரில் அவ்வாறே சிற்றன்னையின் சூழ்ச்சியால் பழி சுமந்து கண்ணிழக்கும் குணாளன் அவர். 'அம்பிகாபதி'யில் காதலுக்காகக் கொலைத் தண்டனை பெறும் கவிஞன் அவர். குற்றமற்றவன் படும் துயரைப் பாடுவதற்கென்றே அமைந்த குரல் போலும் என்று மக்கள் அதில் உருகினார்கள்.

1944-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. போர்க்காலம்; கச்சாப் பிலிமுக்குப் பஞ்சம்; படத்தின் நீளம் பதினோராயிரம் அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. அந்த எல்லைக்குள் சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய இப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மனம்போன போக்கில் திரிந்து பெற்றோரைப் புறக்கணித்தவன் கால்களை இழந்து, திருந்தி, அன்னை தந்தையே தெய்வம் என உணரும் கதை அது. அப்படத்தின் வெற்றிமுழக்கம் அடங்குவதற்கு முன்னரே அதன் நாயகர் சிறை சென்றார்.

வேப்பேரியில் ஒரு காலை

அந்நாளில் சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்னும் இதழை நடத்தினார். போலி ஆவணம் புனைந்த குற்றத்திற்காக முன்பே சிறைத் தண்டனை அனுபவித்தவர் அவர். நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய வம்புகளே அவ்விதழின் சரக்கு. எழுதுவதால் கிடைத்த வருவாயினும் எழுதாமல் இருப்பதற்காகக் கிடைத்த வருவாய் பெரிது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். பாகவதரும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், 'சிவகவி'யை இயக்கிய கோவை பட்சிராஜா எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டதன் பேரில் இதழின் உரிமம் நீக்கப்பட்டது. லட்சுமிகாந்தனோ 'இந்துநேசன்' என்னும் மற்றோர் இதழைக் கைக்கொண்டு அதே பணியைத் தொடர்ந்தார். நடிகர்களோடு நில்லாமல் செல்வர்களும் பிரமுகர்களும் அவ்விதழின் இலக்குக்கு ஆளானார்கள். ஆகவே அவருக்குப் பகைவர் பலர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

1944 நவம்பர் 8 அன்று காலை, வேப்பேரியில் தம் வழக்கறிஞரைக் கண்டுவிட்டு ரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் வழியில் கத்தியால் குத்தப்பட்டார். காயத்தோடு வழக்கறிஞர் வீட்டுக்கே திரும்பிச் சென்று, அங்கிருந்து பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாள் இறந்தார். அவர் எழுதியவை வெறுக்கத்தக்கவையாக இருக்கலாம். எனினும் பட்டப் பகலில் நடுத்தெருவில் ஒரு மனிதன் கொல்லப்பட்டதைப் பழிக்குப் பழி என்று எளிதாகப் பேசிவிடுவது அறமாகாது. அவருக்கும் நீதி கிடைத்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தின் முன்

டிசம்பர் மாத இறுதியில் பாகவதரும் கலைவாணரும் கைது செய்யப்பட்டார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். குத்தியவர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பணம் தந்து ஏவினார்கள், சதியில் பங்கு கொண்டார்கள் என்பது இவர்கள்மீது வந்த குற்றச்சாட்டு. அப்ரூவராக மாறிய ஒருவருடைய சாட்சியம் அரசுத் தரப்பின் தூணாக நின்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸ் விசாரணை நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளுடன் நடைபெற்றது. நீதிமன்ற வளாகத்தில் கூடிய கூட்டம் நாடகக் கொட்டகைக்கு வரும் கூட்டத்தினும் பெரிது. சாட்சியம் ஒவ்வொன்றும் மறுநாள் நாளேட்டில் வந்து, காப்பிக் கடை தோறும் மறு விசாரணைக்கு உள்ளானது.

1945 மே 3 அன்று தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பாகவதரையும் கலைவாணரையும் ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்றார்கள். இருவருக்கும் ஆயுள் முழுதும் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தமான் அப்போது சப்பானியர் வசம் இருந்தது. ஆகவே நாடு கடத்தல் என்பது பெயரளவில் நின்று, உள்நாட்டுச் சிறைவாசமாக முடிந்தது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அந்த ஆண்டே தள்ளுபடியாயிற்று.

இறுதி வழியாக இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு முறையீடு சென்றது. மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் மீண்டும் முறைப்படி கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று கவுன்சில் ஆணையிட்டது. அதன்படி நீதிபதிகள் ஹாப்பலும் சகாபுதீனும் சாட்சியங்களை எடைபோட்டுப் பார்த்து, பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் அல்லர் என்று 1947 ஏப்ரலில் விடுதலை செய்தார்கள். நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசம் அத்துடன் முடிவுற்றது.

ஜூரி முறை நம் நாட்டில் பின்னாளில் வழக்கொழிந்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. பாகவதர் வழக்கைப் படிப்பவர்க்கு அதன் காரணம் விளங்கும். ஜூரிகளும் ஊரார்தாமே. காப்பிக் கடைப் பேச்சு அவர்கள் செவியிலும் விழுந்திருக்கும். சாட்சியத்தின் வலுவையும் வதந்தியின் வலுவையும் பிரித்தறிவது பயின்றவர்க்கே அரிது.

விடுதலைக்குப் பின்

சிறை செல்லும்போது பல படங்களுக்கு அவர் ஒப்பந்தமாகியிருந்தார். அவற்றில் ஒன்றான 'உதயணன்' கதையில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடிக்க நேர்ந்தது. வழக்கிலும் சிறையிலுமாகச் செல்வம் கரைந்தது. வெளியே வந்தவர் சொந்தமாகவே 'ராஜமுக்தி' எடுத்தார். படப்பிடிப்பு பூனாவில் நடைபெற்றது. அதன் வசனப் பணிக்காக அங்கே சென்றவர் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன். சென்ற இடத்தில் காசநோய் முற்றி, திருவனந்தபுரம் திரும்பிய அவர் 1948 ஜூன் 30 அன்று மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த படத்தை அவர் காணவில்லை. காண வந்த மக்களும் மிகுதியாக இல்லை. தமிழ்ச் சிறுகதை தன் தலைமகனை இழந்ததும், தமிழ்த் திரை தன் முதல் பெருநடிகரின் வீழ்ச்சியைக் கண்டதும் ஒரே படத்தோடு தொடர்புற்று நிற்கின்றன.

'அமரகவி', 'சியாமளா' ஆகிய இரண்டும் 1952-இல் வந்தன. பாகவதரே இயக்கி நடித்த 'புதுவாழ்வு' 1957-இல் வந்தது. இவற்றில் எதுவும் பழைய நாளை மீட்டுத் தரவில்லை. குரலில் இனிமை குறையவில்லை என்றே இசையறிந்தோர் சொல்வர். மாறியது காலம். 'வேலைக்காரி'யும் (1949) 'பராசக்தி'யும் (1952) வசனத்தின் யுகத்தைத் தொடங்கிவிட்டன. பாட்டுக்காகக் கதையை நிறுத்திக் காத்திருந்த மக்கள், பேச்சுக்காகக் கைதட்டத் தொடங்கினார்கள். பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டமையால் நடிகர் பாட வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

உடன் சிறையிருந்த கலைவாணர் மீண்டும் தலையெடுத்தார். 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) எனப் புதிய காலத்தோடு இணைந்து நடந்தார். நகைச்சுவைக்குக் காலத்தோடு உருமாறும் இயல்பு உண்டு. இசை நாடக மரபின் முழு உருவாக நின்ற பாகவதருக்கு உருமாற வழியில்லை. அந்த இரண்டாண்டுச் சொச்சம் வாழ்வின் வேறெந்தப் பகுதியில் கழிந்திருந்தாலும் இழப்பு இவ்வளவு பெரிதாயிராது. முப்பத்தைந்தாம் வயதில், புகழின் முகட்டில், திரையின் இலக்கணமே மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் களத்தில் இல்லாமற் போனார். நீதிமன்றம் பெயரைத் திருப்பித் தந்தது. ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

நோய் உடலை வாட்டியது. கச்சேரிகளில் பாடிக்கொண்டே இருந்தார். 1959 நவம்பர் 1 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் தமது நாற்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லட்சுமிகாந்தன் உயிர் பிரிந்ததும் அதே மருத்துவமனையில்தான். திருச்சிராப்பள்ளியில் பாகவதர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நடித்த கடைசிப் படமான 'சிவகாமி' அவர் மறைவுக்குப் பின் 1960-இல் வெளிவந்தது.

எந்தக் கதையில் அவரை வைப்பது?

பாகவதரின் வாழ்வைச் சொல்ல வருவோர் பலர் அதனை 'ஹரிதாஸ்' கதையாகவே சொல்லிவிடுகிறார்கள். செல்வச் செருக்கில் இருந்தார், விதி தண்டித்தது, வீழ்ந்தார், உணர்ந்தார் என்று கதை ஒரு நீதிபோதனையாக முடிந்துவிடுகிறது. தங்கத் தட்டில் உண்டவர் பிறகு வறுமையில் வாடினார் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது எளிது; கேட்பவர்க்கும் அதில் ஒரு மனநிறைவு இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போது நாம் அறியாமலேயே அவரைக் குற்றவாளியாக்கி விடுகிறோம். குற்றம் இருந்தால்தானே தண்டனைக்கும் திருந்துதலுக்கும் இடம்?

வழக்கின் ஆவணங்கள் சொல்லும் கதை வேறு. ஒரு கொலை நடந்தது. அதற்கான காரணம் பலருக்கும் இருந்தது. ஊரறிந்த முகங்கள்மீது பழி எளிதாகப் படிந்தது. ஜூரிகள் ஒரு மனப்படவில்லை. முதல் மேல்முறையீடு கைகொடுக்கவில்லை. பின்னர் முறையாகக் கேட்டபோது குற்றம் நிற்கவில்லை. இது ஹரிதாஸின் கதையன்று. சந்திரமதியின் கதை, சாரங்கதரனின் கதை. தாம் மேடையில் எந்தத் துயரைப் பாடினாரோ அந்தத் துயரே அவருக்கு வாய்த்தது. மேடையில் வாள் ஓங்கிய நொடியிலேயே தெய்வம் வந்தது. கொட்டகை நிறைந்த மக்கள் அதனைக் கண்ணாரக் கண்டார்கள். வாழ்வில் உண்மை கடல் கடந்து சென்று, இரண்டாண்டு கழித்து, மக்கள் படிக்காத தீர்ப்பு ஏடுகளில் வந்து தங்கியது. கைதான செய்தி எட்டிய செவிகளுக்கெல்லாம் விடுதலையின் காரணம் எட்டவில்லை.

லட்சுமிகாந்தன் விற்ற சரக்கு வதந்தி. அவர் இறந்த பின்னரும் அச்சரக்கு விலைபோயிற்று. அந்த வழக்கைப் பற்றி இன்றும் புதுப்புதுக் கதைகள் புனையப்படுகின்றன. யார் ஏவினார், யார் மறைத்தார் என்று துப்பறியும் கோவிந்தன் வேடத்தைப் பலரும் புனைந்து பார்க்கிறார்கள். நாடகத்தின் இறுதிக் காட்சியை நாமே எழுதிவிட வேண்டும் என்னும் ஆவல் இயல்பானதே. ஆயினும் சான்றில்லாத இடத்தில் பேனாவை நிறுத்திக்கொள்வதும் எழுதுவோர்க்கு ஒரு கடமை.

ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் பாகவதரை நினைவுகூர்வதற்கு இதனினும் தக்க காரணம் இல்லை. சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாம். சொல்லால் ஒரு மனிதரை உயர்த்தவும் இயலும், தீர்ப்புக்குப் பின்னும் சிறையில் வைக்கவும் இயலும். விடுவிக்கப்பட்டவரை விடுவிக்கப்பட்டவராகவே எழுதுவோம். பழநி மலையடியில் அடுத்த திருவிழாவில் யாரேனும் அருச்சுனன் வேடம் பூண்டு 'பவளக்கொடி'யில் பாடக் கேட்கும்போது, அதே வேடத்தில் தொடங்கித் தமிழ்நாட்டையே தம் குரலால் கட்டிவைத்த அந்தக் கலைஞரை மாசின்றி நினைவோமாக.